செல்வி அக்காவின் முருங்கைப் போத்து

ஐப்பசி மழைக்கு முன் முருங்கையை மொட்டையடிக்காவிட்டால் காற்றில் சாய்ந்துவிடும். கூட வேலை பார்க்கும் செல்வி அக்காவிடம் இன்று திருவந்திபுரத்தில் அதைத்தான் சொன்னேன். மரம் அவருடைய ஓட்டு வீட்டை ஒட்டி நிற்கிறது.

"தெரியும்ப்பா. அவுரு வச்ச மரம். வெட்ட மனசு வரல."

அவர் கணவர் இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை.

"வெட்டுற கிளையில நடுறதுக்கு நாலு போத்து குடுக்கா. இந்த மரத்துக்கு ஒண்ணு ஆனாலும் எங்க வீட்ல அது இருக்கும்."

மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், உள்ளே போய் அரிவாளோடு வந்தார்.

"ஒங்க வீட்ல எடம் இருக்கா?"

"இருக்குக்கா."

போத்துகளோடு கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். என் வீடு இரண்டாவது மாடி.

இவற்றை நட, தண்ணீர் தேங்காத மேட்டு இடம் இருப்பவர்கள் சொல்லுங்கள். தையில் துளிர்த்ததும் போட்டோ மட்டும் அனுப்பிவிடுங்கள். அக்கா கேட்பார்.