பதினான்கு நிமிடத்துக்கு ஒரு விமானம்

என் கணவருக்கு விமானம் ஓட்டும் உரிமம் கிடைத்தபோது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. மதுரை கே.கே. நகரில் எலும்பு மூட்டு கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் அவர். கீழே கிளினிக், மாடியில் எங்கள் வீடு. இரண்டு வருடமாகக் கிடைத்த விடுமுறையில் எல்லாம் போய்க் கற்றுக்கொண்டு வந்தார். மொத்தம் எழுபது மணி நேரம் பறந்திருந்தார். எங்கள் பள்ளிக்கூட வேன் டிரைவர் அந்த எழுபது மணி நேரத்தை ஒன்றரை வாரத்தில் ஓட்டி முடித்துவிடுவார்.

கற்றதோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. சொந்தமாக விமானம் வாங்கப் போகிறேன் என்றார். அது குடும்பத்தோடு போகிற மாதிரி இருக்க வேண்டும், விலை கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும், வேகமாகவும் போக வேண்டும். இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று நம்புகிற மனிதரிடம்தான் ஊர்ச் சனம் முழங்காலை அறுக்கக் கொடுக்கிறது.

அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோருமே விமான நிபுணர்கள். அவரோடு சாயங்காலம் பூப்பந்து விளையாடும் டாக்டர் கூட்டம் வரும். அதில் ஒருவர் நான் போட்ட காபியைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "மாப்ள, எடுத்தா பறக்குற ஃப்ளைட்ட எடு. மெதுவாப் போறதுக்குத்தான் மாட்டுத்தாவணியில பஸ் நிக்குதுல்ல." அவர் காது மூக்குத் தொண்டை டாக்டர். விமானத்தில் அவர் ஜன்னல் சீட்டுக்கு மேல் எதையும் அறிந்ததில்லை. என் நாத்தனார் போன் செய்து, வால் பக்கம் எந்த வசனம் ஒட்டப் போகிறீர்கள் என்று கேட்டாள். கார் வாங்கினால் பின் கண்ணாடியில் வேத வசனம் ஒட்டுவது எங்கள் உறவில் எல்லோரும் செய்வதுதான். இன்ஜினைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு பெங்களூரிலிருந்து தரகர் வந்தார். கையில் ஐபேட், வாயில் ஓயாத சிரிப்பு. இரண்டு விமானங்களின் படங்களைக் காட்டினார். இரண்டும் பழையவை, இரண்டிலும் நான்கு இருக்கைகள். ஒன்று கொஞ்சம் மெதுவானது. அதன் சக்கரங்கள் எப்போதும் கீழேயே நிற்கும். இன்னொன்று வேகமானது. மேலே ஏறியதும் சக்கரங்களை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும், இறங்கும்போது ஓட்டுபவர்தான் ஞாபகமாக அவற்றைக் கீழே விட வேண்டும்.

"இது டாக்டருக்குன்னே செஞ்ச ஃப்ளைட்டு சார். அந்த இன்னொண்ணு மாட்டு வண்டி" என்றார் தரகர்.

என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். பெண் பார்க்கப் போன இடத்தில் கேசரியை மறந்து உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளையின் முகம் அது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

சக்கரத்தை ஞாபகமாகக் கீழே விடுகிறவரா இவர்? இருபது வருடமாக ஸ்கூட்டரில் சைடு ஸ்டாண்டை எடுக்காமல் போகிறவர். எங்கள் தெருவில் இஸ்திரி போடுகிறவரிலிருந்து எதிரே பைக்கில் வருகிறவர் வரைக்கும், "டாக்டர், ஸ்டாண்டு! ஸ்டாண்டு!" என்று கத்திக் கத்தித்தான் இவர் இன்னும் முழுசாக இருக்கிறார். நம் ஊரில் முன்பின் தெரியாதவரும் செய்கிற உபகாரம் அது. ஆகாயத்தில் யார் கத்துவார்கள் என்று கேட்டேன். அதற்கு விமானத்திலேயே ஒரு அலாரம் இருக்கிறதாம். படுக்கைக்குப் பக்கத்திலும்தான் அலாரம் இருக்கிறது. தினமும் எழுப்புவது நான்.

நான் மிஷன் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக இயற்பியல் நடத்துகிறவள். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். இவர் எங்களை ஏற்றிக்கொண்டு போக ஆசைப்பட்டது பெங்களூருக்கு, கிறிஸ்மஸுக்கு என் அண்ணன் வீட்டுக்கு. வானத்தில் நேராகப் போனால் ஏறக்குறைய முந்நூற்றைம்பது கிலோமீட்டர். வேகமான விமானம் எழுபது நிமிடத்தில் போகும். மாட்டு வண்டி எண்பத்து நான்கு நிமிடம் எடுக்கும். பதினான்கு நிமிடம்தான் வித்தியாசம். தினமும் காலையில் கார் சாவியைத் தேடுவதற்கே இவருக்கு அதைவிட அதிக நேரம் ஆகிறது.

தாளைக் காட்டினேன். "உனக்கு இதெல்லாம் புரியாது. நம்ம கார் மதுரையத் தாண்டுறதுக்குள்ள அது பாதி தூரம் போயிரும்" என்றார். மாட்டு வண்டியும் பாதி தூரம் போய்விடும் என்றேன். எழுந்து கிளினிக்குக்குப் போய்விட்டார்.

கடைசியில் என்னிடம் மிஞ்சியிருந்த ஆயுதம் எடைதான். நான்கு இருக்கை இருப்பதாலேயே நான்கு பேர் போய்விட முடியாது என்பது தரகரின் காகிதத்திலேயே பொடி எழுத்தில் இருந்தது. அந்த விமானத்துக்கான பெட்ரோல் எல்லா விமான நிலையத்திலும் கிடைக்காது. போகவும் வரவும் சேர்த்து மதுரையிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ள வேண்டும். அப்படி நிரப்பிவிட்டால் வேகமான விமானம் அதற்கு மேல் இருநூற்று நாற்பத்தைந்து கிலோதான் தாங்கும். மெதுவானது முந்நூறு கிலோ தாங்கும். எல்லோரும் எடை பார்ப்போம், ஒரு கிலோ கூடினாலும் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது என்றேன். அவரும் ஒத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் நால்வரும் கிளினிக்கில் இருந்த எடை மெஷினில் வரிசையாக ஏறினோம். அவர் எண்பத்தொன்று. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகன் ஐம்பத்து நான்கு. ஒன்பதாம் வகுப்பு மகள் நாற்பத்தைந்து. நான் அறுபத்து மூன்று. கூட்டினால் இருநூற்று நாற்பத்து மூன்று.

"இன்னும் ரெண்டு கிலோ மிச்சம் இருக்கு!" என்று இவர் குதித்தார். அந்த இரண்டு கிலோவில் நான்கு பேருக்கும் டூத் பிரஷ் எடுத்துக்கொள்ளலாம், மாற்றுத் துணி என் அண்ணன் வீட்டிலேயே இருக்கும் என்று விளக்கினார். வியாழக்கிழமை தரகருக்கு அட்வான்ஸ் கொடுப்பதாக முடிவானது. நான் அதற்குப் பிறகு எதிர்க்கவில்லை. எண் சரியாக வந்துவிட்டது. மறுநாள் ஆசிரியர் அறையில், "நான் இப்ப அறுபத்து மூணு" என்று இரண்டு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

புதன்கிழமை மத்தியானம் தெருமுனை அரிசிக் கடையிலிருந்து மாதாந்திர மூட்டை வந்தது. கிளினிக்கைத் துடைத்துப் பூட்டுகிற நேரம். கொண்டுவந்த ஆள் மாடி ஏறச் சோம்பல்பட்டு, ஈரமில்லாத இடம் அதுதான் என்று மூட்டையை எடை மெஷின் மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். பள்ளியில் அன்று அரை நாள்தான். நான் உள்ளே நுழைந்தபோது மெஷினில் இருபத்து மூன்று புள்ளி நான்கு என்று எரிந்துகொண்டிருந்தது. மூட்டையில் அச்சடித்திருந்தது இருபத்தாறு கிலோ.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு மூட்டையில் இரண்டரைக் கிலோ அடிக்கிறான் என்றால் இத்தனை வருடத்தில் எத்தனை மூட்டை! போனை எடுத்து அரிசிக் கடை அண்ணாச்சியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஏசப்பா பேரைச் சொல்லிக்கூட ஏதோ சொன்னேன். பத்தாவது நிமிடம் அவர் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். மூட்டையை அவரே தோளில் தூக்கிக்கொண்டு கடைக்கு நடந்தார். நானும் சண்டையை விடாமல் பின்னாலேயே போனேன். கடைத் தராசில் வைத்தார். இருபத்தாறு. பக்கத்து மளிகைக் கடைத் தராசுக்கும் தூக்கிப் போனார். அதிலும் இருபத்தாறு.

"டீச்சர், என் தராசுக்கு வருசா வருசம் கவருமெண்டு முத்திர குத்துறாக. ஒங்க டாக்டரு மிசினுக்கு யாரு முத்திர குத்துனது?"

தெருவில் ஐந்தாறு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். கிளினிக்கில் வேலை செய்கிற அக்கா சாயங்கால டியூட்டிக்கு வந்ததும் அவரைப் பிடித்தேன்.

"ஒங்களுக்குத் தெரியாதா டீச்சர்? டாக்டர்தான் மிசின்காரரக் கூப்ட்டு பத்துக்கு ஒண்ணு கொறச்சு வைக்கச் சொன்னாக. இங்க வார பொம்பளைக எடையப் பாத்துட்டு மூஞ்சியத் தூக்கிக்கிட்டு அடுத்த தெரு டாக்டர்ட்டப் போயிருதுக. இப்ப பாருங்க, எம்புட்டுக் கூட்டம்."

மூட்டு தாங்காது, எடையைக் குறையுங்கள் என்று நாள் முழுக்க அத்தனை பேரையும் அதட்டுகிறவர், அதே அறையில் பத்துக்கு ஒன்று தள்ளுபடி கொடுத்திருக்கிறார். கொடுத்ததை மறந்துவிட்டுத் தன் பிள்ளைகளையும் அதன் மேலேயே ஏற்றியிருக்கிறார். உலகத்தில் இப்படி ஒரு காரியத்தை வேறு யாரும் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நோயாளிகள் போனதும் கதவைச் சாத்திவிட்டு அவர் முன்னால் தாளை வைத்தேன். அவர் தொண்ணூறு, மகன் அறுபது, மகள் ஐம்பது, நான் எழுபது. மொத்தம் இருநூற்று எழுபது.

"அது பேஷண்ட்டுக்காக வச்சது" என்றார் முதலில். பிறகு, "மறந்துட்டேன்" என்றார். பிறகு தாளை மறுபடி பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இருபத்தஞ்சு கிலோதான கூட?"

"இருபத்தஞ்சு கிலோன்னா நம்ம மகள்ல பாதி" என்றேன். "எந்தப் பாதிய விட்டுட்டுப் போவீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தரகரைக் கூப்பிட்டு, வேகமானது வேண்டாம் என்று இரண்டே வார்த்தையில் முடித்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்ற திமிரோடு எழுந்தேன். அப்போதுதான் அவர் கேட்டார். குரலில் கிண்டல் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"போன மாசம் உங்க ஸ்கூல் மெடிக்கல் கேம்ப்ல எழுபதுன்னுதான சொன்ன? அன்னைக்கு இதுல அறுபத்து மூணு வந்தப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

வருடா வருடம் பதினோராம் வகுப்புக்கு முதல் பாடமாக அளவுக் கருவியின் பிழைகளைத்தான் நடத்துகிறேன். ஒரு மாதத்தில் ஏழு கிலோ எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த எண் எனக்குப் பிடித்திருந்தது. அதனால் கேட்கவில்லை. அவராவது மறந்து தப்புச் செய்தார். நான் கணக்கு தெரிந்திருந்தும், அறுபத்து மூன்று என்று கேட்ட சந்தோஷத்தில் என் இரண்டு பிள்ளைகளையும் அந்த விமானத்தில் ஏற்றச் சம்மதித்திருக்கிறேன். அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை. அவர் மீது வைத்திருந்த அத்தனை ஏளனமும் எனக்கும் சேர வேண்டியதுதான்.

மாட்டு வண்டியைத்தான் வாங்கினோம். கீழேயே நிற்கிற சக்கரங்கள், எண்பத்து நான்கு நிமிடம். பூப்பந்து டாக்டர்கள் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். இவர் கிளினிக் மெஷினைச் சரி செய்துவிட்டார், பத்துப் பதினைந்து பேர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். இருந்தாலும் அந்த மெஷினில் நாங்கள் ஏறுவதில்லை. பறக்கிற நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் நால்வரும் அரிசிக் கடைக்குப் போய், முத்திரை குத்திய மூட்டைத் தராசில் ஒவ்வொருவராக ஏறுகிறோம். அண்ணாச்சிக்கு மெதுவாகப் பேசவே வராது.

"டீச்சர் எழுபத்தொண்ணு! போன தடவைக்கு ஒண்ணு கூட!"

அரிசி வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எழுதிக்கொள் என்று நான் மகளிடம் சொல்வேன்.