மீசை போன புதன்கிழமை

அப்பாவுக்கு இதயத்தில் ஆபரேஷன் நடந்தபோது திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். அப்பா வார்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எதிர்பார்த்தது தன் தம்பியை. கிணற்றுப் பங்கில் தகராறாகி, இருவரும் பேச்சை நிறுத்திப் பல வருடங்கள் ஆகியிருந்தன. தகவல் தெரிந்தும், டிஸ்சார்ஜ் ஆகும்வரை சித்தப்பா வரவில்லை. அதற்குள் நான், சவரக் கத்தியால் தாங்களே முகம் மழித்துக்கொள்ளும் வெள்ளைக்காரர்களின் வீடியோக்கள் அத்தனையையும் பார்த்து முடித்திருந்தேன்.

அப்பாவை வாசுதேவநல்லூர் வீட்டில் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, சங்கரன்கோவிலுக்குத் திரும்பிய கையோடு கத்திக்கு ஆர்டர் போட்டேன். சலூனில் பாதி பிளேடைச் சொருகி வழிப்பார்களே, அது இல்லை. இதில் பிளேடே கிடையாது, கத்தியைத்தான் தீட்டிக்கொள்ள வேண்டும். கூடவே தீட்டுவதற்குத் தோல் பட்டை, நுரை கட்ட ஒரு பிரஷ், ஒரு கிண்ணம். ஐம்பது வயதுக்கு மேல் மனிதனுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டும் என்று மனைவிக்கு விளக்கினேன்.

"செடி வளக்கலாம்லா," என்றாள்.

முதலில் ஊதிய பலூனில் நுரையைத் தடவி வழித்துப் பழகும்படி வீடியோவில் சொல்லியிருந்தார்கள். பழகினேன். நுரை சுவரிலும் காலண்டரிலும் மனைவி மீதும் சமமாகத் தெறித்தது. தோல் பட்டையில் தீட்டும்போது கத்தியை அதன் முதுகுப் பக்கமாகப் புரட்ட வேண்டும். நான் கூர்ப்பக்கமாகப் புரட்டி, பட்டை வாய் பிளந்ததுபோல் ஒரு வெட்டுப் போட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை கத்தியை முகத்தில் வைக்கக் கூடாது என்று மனைவி சொன்னதால் புதன்கிழமை காலையில் வைத்தேன்.

கன்னம் நன்றாகவே வந்தது. தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, கத்தியைச் சாய்த்து மெதுவாக இறக்கினால், முடி அறுபடும் சத்தம் காதில் கேட்கும். நிஜமாகவே சுகமாக இருந்தது. அந்தத் தெம்பில் மீசையின் ஓரத்தைச் சீர்செய்யப் போனேன். வலது பக்கம் அரை அங்குலம் போனது. அதற்கு ஈடாக இடது பக்கம் முக்கால் அங்குலம் எடுத்தேன். நடுவில் மிஞ்சியதை வைத்துக்கொண்டு தெருவில் நடக்க முடியாது என்று தோன்றவே, அதையும் எடுத்தேன்.

எங்கள் பக்கத்து ஆண்பிள்ளை மீசையை எடுப்பது பெற்றவர் இறந்தால்தான். அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன். நான் மூத்தவன். தலையையும் சேர்த்து மழிப்பார்கள் என்பதால், தலையில் முடி இருந்திருந்தால் அது எனக்காகச் சாட்சி சொல்லியிருக்கும். எனக்கு வழுக்கை.

கன்னத்துக் கீறலுக்குப் படிகாரம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். டீக்கடைக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "அண்ணாச்சி, அப்பாவா?"

"நல்லா இருக்காவ."

"பொறவு மீசை?"

"கை தவறிட்டு."

அவர் நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் போனார். பூக்கடையில் கேட்டார்கள், மருந்துக்கடையில் கேட்டார்கள். எல்லாருக்கும் இதே பதில்தான். எங்கள் ஊரில் யாரும் கேட்காமல் விடமாட்டார்கள்.

எங்களோடு பேச்சு இல்லாததால் கேட்க முடியாதவர் ஒருவர் இருந்தார். சித்தப்பாவுக்கும் சங்கரன்கோவில்தான், தறி போட்டிருக்கிறார். எதிரே வந்தவர் என் மூக்குக்குக் கீழே பார்த்தார், தலையைப் பார்த்தார். அப்புறம் திரும்பிப் போய்விட்டார். தறிக்குப் போகிறார் என்று நினைத்தேன்.

மத்தியானம் அம்மா போன் செய்தாள். "ஏலே, ஒங்க சித்தப்பா மாலையும் கையுமா வாசல்ல நிக்காவ. என்ன காரியம்லே பண்ணிவச்ச?"

அப்பாவுக்கு அதிர்ச்சியான செய்தி எதையும் சொல்லக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. மாலையைப் பற்றி அவர் தனியாக ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு புளியங்குடி வழியாகப் பறந்தேன். வழியெல்லாம் பயம்தான். அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், மழிப்பதற்கு என்னிடம் ஒன்றும் பாக்கியில்லை என்றுகூட ஓடியது புத்தி.

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா செருப்போடு வாசலிலேயே நின்றார், கையில் மாலை. "எல்லாம் முடிஞ்ச பொறவாவது எனக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று அவர் அம்மாவிடம் கத்திக்கொண்டிருக்கும்போதே, கொல்லைப்புறத்திலிருந்து அப்பா கை கழுவிவிட்டு வந்தாராம். அதற்குப் பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று அம்மா சொன்னாள்.

அப்பா என் முகத்தை ஒருமுறை பார்த்தார். விளங்கிவிட்டது போலிருந்தது. தம்பியிடம் திரும்பினார்.

"போயிட்டேன்னு நெனச்சியாலே?"

"ஒங்க மவன் மூஞ்சியப் பாத்தா வேற என்னத்த நெனைக்க?"

"அழுதியா?"

சித்தப்பா தரையைப் பார்த்தார். "பஸ்ஸுல அழுதேன்."

"எதுவரைக்கும்?"

"எறங்குற வரைக்கும்."

எனக்கும் அழுகை வந்தது. மீசை இல்லாமல் உதடு துடிப்பதை மறைக்க முடியவில்லை. அப்பா மட்டும் தம்பியிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"திருநெல்வேலிக்கும் பஸ் போகும்லா," என்றார்.

சித்தப்பா மாலையை வாசலிலேயே ஓரமாக வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.