எதிரே உட்கார்ந்த நாட்கள்

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். ஒருநாள் காலை பல் விளக்கும்போதே வாதம் அடித்துவிட்டது. வலது கை அப்படியே விழுந்துபோனது. பேச்சு பாதிதான் திரும்பியது.

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண் சொன்னாள்: "அக்கா, வாயால சொன்னா வராது. நீங்க எதிர்ல உக்காந்து செஞ்சி காட்டுங்க. அவரு பாத்துப் பாத்து செய்யட்டும்."

குருசுக்குப்பத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். நான் டம்ளரைத் தூக்குவேன், அவரும் தூக்குவார். நான் வேகமாகச் செய்தால் அவர் கண் கலங்கும். அதனால் அவர் வேகத்துக்கே இறங்கிவிட்டேன். அவர் கை எங்கே நிற்குமோ அங்கே என் கையையும் நிறுத்தினேன். ஏழு மாதத்தில் டம்ளரை உதடு வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்.

எனக்குள் என்ன ஆகிறது என்று நான் கவனிக்கவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கப் போன கை பாதியில் நிற்கும். மீன் ஆயும்போது கத்தி தயங்கும். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் அவர் எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கை மேலே வராமல் தலை கோணலாகச் சாய்ந்து சோற்றை எட்டியது, அச்சு அசல் அவரைப் போல. பருக்கை மடியில் சிந்தியது. அவர் என்னையே பார்த்தார்.

"கேலி... பண்றியா?"

"இல்லீங்க. சத்தியமா தானா வருது."

அவர் நம்பவில்லை. தட்டை இடது கையால் தள்ளிவிட்டார். மூன்று நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்தப் பயிற்சிப் பெண்ணிடம் சொன்னேன். டாக்டரிடம் காட்டச் சொன்னாள். டாக்டர் பார்த்துவிட்டு, "நரம்புல ஒண்ணும் இல்லம்மா. மாசக்கணக்கா அவர மாதிரியே செஞ்சி பழகிட்டீங்க. வுட்டா சரியாயிடும்" என்றார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் தன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பச் சொன்னார்.

"இன்னும் கோவமா?"

இல்லை என்று தலையாட்டினார். "நீ... நல்லா இரு."

அதன்பிறகு என்னை எதிரே உட்கார விடவில்லை. மகளை உட்காரச் சொன்னாலும் வேண்டாம் என்றார். சுவரைப் பார்த்தபடி தனியாகவே பழகினார். உதடு வரை வந்த டம்ளர் அதன்பின் நெஞ்சுக்கு மேல் ஏறவில்லை. அடுத்த மழைக்காலத்தில் மறுபடி வாதம் அடித்துப் போய்ச் சேர்ந்தார்.

என் கை இரண்டே மாதத்தில் சரியாகிவிட்டது. அந்த நாற்காலியை ஒருநாளாவது என் பக்கம் திருப்பியிருக்கலாம். அடுப்பில் வேலை இருந்தது, அவரே வேண்டாம் என்கிறாரே என்று விட்டுவிட்டேன்.