பதினோரு தாய்மாமன்கள்

கையில் ரசீதுப் புத்தகத்தோடு ஒருவரை நெருங்கினால் அவர் முகத்தில் என்னென்ன நடக்கிறது என்பதை ஒன்றரை மாதம் நின்று பார்த்தவள் நான். பெரியகுளம் பேருந்து நிலையம், தேனி வாரச்சந்தை, ஞாயிறு பூசை முடிந்த கோயில் வாசல் என்று ஓர் இடம் விடவில்லை. பிள்ளையின் படத்தை உற்றுப் பார்த்து, நோயைப் பற்றி விசாரித்து, எந்த நாட்டு டாக்டர் என்றும் கேட்டு, உச்சுக்கொட்டுகிறவர் பெரும்பாலும் கொடுப்பதில்லை. படத்தைப் பார்க்காமலே பத்து ரூபாயை நீட்டுகிறவருக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று பொருள். வந்த காரியத்தை மறந்து இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருப்பது என் பிறவிக் குணம். உயிரியல் பாடம் எடுக்கிறவளுக்கு மனிதர்களும் மாதிரிகள்தானோ என்று என் கணவர் கேலி செய்வார்.

அந்தப் படத்தில் இருந்தவளுக்கு அப்போது ஒன்பது வயது. கத்தோலிக்கக் கன்னியர்கள் நடத்தும் பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போவேன். அவளுடைய அப்பாவும் அம்மாவும் எங்கிருந்தோ செங்கல் சூளை வேலைக்கு வந்தவர்கள். அவளுக்கு நான்கு வயதானபோது ஒரு விபத்து இருவரையும் கொண்டுபோனது. அவள் பிழைத்தாள், ஆனால் பல வாரம் செயற்கை மூச்சில் கிடந்ததில் மூச்சுக்குழாய் உள்ளே புண்ணாகிச் சுருங்கி ஒட்டிக்கொண்டது. கழுத்தில் துளை போட்டுச் சின்னக் குழாய் ஒன்றைச் செருகி வைத்திருந்தார்கள். காற்று அதன் வழியாகத்தான் போய்வரும். பேச வேண்டுமென்றால் விரலால் அந்தத் துளையைப் பொத்திக்கொள்வாள். அப்போதும் இரண்டு மூன்று சொல்தான் வரும், பிறகு விரலை எடுத்து மூச்சு வாங்க வேண்டும். அதனால் அவள் வீண்பேச்சுப் பேசியதே இல்லை.

இங்கே இரண்டு முறை அறுவை செய்தும் மறுபடி ஒட்டிக்கொண்டது. இந்த மாதிரிச் சிக்கலான குழாய்களைச் சரிசெய்வதில் கைதேர்ந்த ஒருவர் வெளிநாட்டில் இருந்தார். அவர் தன் கூலியை வேண்டாமென்றார். ஆஸ்பத்திரிச் செலவும் விமானச் செலவும் தங்கும் செலவும் எங்கள் பொறுப்பு. நாளும் குறித்துக்கொடுத்துவிட்டார். அதைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு எப்போதென்று தெரியாது, அதுவரை குழாயில் சளி அடைக்கும் ஒவ்வொரு முறையும் பிள்ளை சாவோடு மல்லுக்கட்ட வேண்டும். நானோ பத்தும் இருபதுமாக வாங்கிக்கொண்டு பேருந்து நிலையத்தில் நிற்கிறேன்.

தேனியில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த ஒருவர் முதலிலேயே தாராளமாகக் கொடுத்தவர். இரண்டாம் முறை போனபோது என் வெயில் பட்ட முகத்தைப் பார்த்துவிட்டு மோர் வாங்கிக் கொடுத்தார்.

"தர்மமுன்னு கேட்டா சில்லறையத்தான் தேடுவாக டீச்சர். விசேசமுன்னு பத்திரிகை வையிங்க, கடன் வாங்கியாச்சும் வருவாக," என்றார்.

என்ன விசேஷம் வைப்பது என்று கேட்டேன். பிள்ளைக்குக் காது குத்தியாயிற்றா என்று கேட்டார். குத்தவில்லை. அவளைப் பெற்றவர்களுக்கு அதற்கு நேரமே கிடைக்கவில்லை.

இல்லத்துத் தலைவியை நாங்கள் மதர் என்போம். அவர் முதலில் முகம் சுளித்தார். பிறகு மண்டபம் இலவசமாகக் கிடைக்கிறது என்றதும் சுளிப்பைக் குறைத்துக்கொண்டார். பத்திரிகை அடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. விடைத்தாள் திருத்தும் அவசரத்தில் இருந்தேன். விவரத்தை ஒரு தாளில் எழுதி, முதலில் உதவிய பதினோரு பேரின் பெயரை இன்னொரு தாளில் எழுதி, இதைக் கீழே சின்ன எழுத்தில் போடுங்கள் என்று சொல்லி அச்சகத்தில் கொடுத்தேன். "உதவியவர்கள்" என்று தலைப்பு எழுத மறந்துவிட்டேன். மாதிரியை அச்சகக்காரர் போனில் அனுப்பியபோது தேதியும் பிள்ளையின் பெயரும் சரியா என்று மட்டும் பார்த்துச் சரி என்று பதில் போட்டேன்.

கட்டுக்கட்டாகப் பத்திரிகை ஊரெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான் பொறுமையாகப் படித்தேன். கீழே, சின்ன எழுத்தில் அல்ல, தங்க நிறத்தில் பெரிதாக, "தங்கள் நல்வரவை விரும்பும் தாய்மாமன்மார்கள்" என்றிருந்தது. அதன் கீழே பதினோரு பெயர்கள்.

அச்சகத்துக்கு ஓடினேன். அவர் பதறவே இல்லை. "மாமன் இல்லாத காதுகுத்துப் பத்திரிகை இந்த முப்பது வருசத்துல நான் அடிச்சதில்ல டீச்சர். பதினோரு ஆம்பளப் பேரு இருந்துச்சு. வேற யாரா இருப்பாக?" என்றார். அவரை எப்படிக் குறை சொல்வது? காது குத்துவது மாமன் மடியில். சீர் கொண்டுவருவது மாமன். மாமன் இல்லாமல் அந்த விழாவையே அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர் பெயர்களைக்கூடக் கவனித்துப் படிக்கவில்லை. படித்திருந்தால் இந்த அண்ணன் தம்பிகளில் சின்னமனூர் பிரியாணிக் கடை பாய் இருப்பதும், குமுளியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் மலையாளி இருப்பதும், எங்கள் பங்கைச் சேர்ந்த இரண்டு கிறிஸ்தவர்கள் இருப்பதும் தெரிந்திருக்கும்.

நான் அவமானத்தில் கூனிக் குறுகிப்போனேன். இருபதும் ஐம்பதும் அல்ல, நல்ல தொகை கொடுத்த மனிதர்களைக் கேட்காமலே ஒரு குடும்பத்துக்குள் இழுத்துவிட்டிருக்கிறேன். ஒவ்வொருவர் வாசலுக்கும் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

மண்டிக்காரர் வீட்டில்தான் பெரிய ரகளை. அவர் மனைவி என்னை உட்காரச் சொல்லாமலே, செத்துப்போன தன் மாமனாருக்குச் சின்ன வீடு ஏதும் இருந்ததா என்று கேட்டார். அவருக்கு நான் விளக்கம் சொல்லச் சொல்ல மண்டிக்காரர் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கெங்குவார்பட்டித் தோப்புக்காரர் கோபப்பட்டார், ஆனால் கோபம் வேறு விஷயத்தில். பட்டியலில் தன் பெயர் ஏழாவதாக இருக்கிறதே என்று. பாய் தலைசுற்றிப்போய் உட்கார்ந்தார். பிறகு என்ன சீர் செய்ய வேண்டும் என்று விவரமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மலையாளிக்குத்தான் ஒரே சந்தோஷம், அவர்கள் ஊரிலும் அம்மாவன் என்றால் பெரிய இடமாம்.

வேறு பத்திரிகை அடித்துத் திருத்திவிடுகிறேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். ஒருவரும் சம்மதிக்கவில்லை. "ஊரெல்லாம் குடுத்தாச்சு. இனி நான் மாமன் இல்லன்னு நோட்டீஸ் ஒட்டவா? அசிங்கமில்லையா?" என்றார் மண்டிக்காரர். எனக்கு இது புரியவே இல்லை. தானாக ஏற்றுக்கொண்ட உறவைக் கைகழுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தவறாக அச்சான உறவை விடமாட்டேன் என்று நிற்கிறவர்களை அப்போதுதான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு இல்லத்துக்குப் போனேன். அந்தப் பத்திரிகை பிள்ளையின் கணக்கு நோட்டுக்குள் இருந்தது. மதர் கொடுத்திருக்கிறார். அவள் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துக் காட்டினாள். பிறகு அதே விரலைக் கழுத்தில் வைத்துக்கொண்டு, "இவுக எல்லாம் யாரு?" என்றாள்.

சொல்லியிருக்க வேண்டும். அச்சகத்துத் தவறு கண்ணு, இவர்கள் உனக்கு உதவுகிறவர்கள் என்று சொல்ல அரை நிமிடம் போதும். நான் சொல்லவில்லை. விழாவுக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது. பிள்ளை முகம் வாடி, மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். "ஒங்க மாமாமாருதான், வருவாக பாரு," என்று சொல்லிவிட்டு வகுத்தலைத் தொடங்கினேன். பணம் வந்து சேரட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஒரு குழந்தையிடம் நான் சொன்ன பொய்களில் அதுதான் கேவலமானது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

விழா நாளில் மாமன்கள் வந்த விதத்தை இந்தப் பக்கம் இன்னும் பேசுகிறார்கள். சீர்வரிசை ஊர்வலம் ஒன்றல்ல, பதினொன்று. ஒருவர் கிடாய் கொண்டுவருகிறார் என்று தெரிந்ததும் அடுத்தவர் இரண்டு கொண்டுவந்தார். தோப்புக்காரர் டிராக்டர் நிறையத் தேங்காய்க் குலையும் மாம்பழக் கூடையும் ஏற்றிவந்தார். மலையாளி செண்டை மேளத்தோடு வந்து இறங்கினார். பாய் தட்டில் தங்கத் தோடும் பட்டுப் பாவாடையும் வைத்து, தன் வீட்டுப் பெண்களோடு நடந்தே வந்தார். அவர்களுக்கெல்லாம் மொய்யும் செய்முறையும் திருப்பிச் செய்ய வேண்டியவர்கள் பின்னாலேயே வந்தார்கள். ஒன்றரை மாதம் வெயிலில் நின்று நான் தேற்ற முடியாததை அந்த ஒரு காலைப்பொழுது தேற்றிக் கொடுத்தது. அதைக் கண்டு நான் மகிழ்ந்தேன், கொஞ்சம் பொறாமையும் பட்டேன்.

யார் மடியில் உட்காரவைப்பது என்பதில் அரைமணி நேரம் போனது. மூத்தவர் என்று முடிவானதும், யார் மூத்தவர் என்று ஆதார் அட்டைகளை எடுத்துப் பிறந்த தேதி பார்த்தார்கள். மண்டிக்காரர் ஆறு மாத வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அவர் மடியில் பிள்ளை உட்கார்ந்தாள். ஆசாரி இடது காதில் ஊசியை இறக்கினார். மேளம் உச்சத்துக்குப் போனது, பிள்ளையின் அலறல் கேட்காமலிருக்க எங்கும் அப்படித்தான் அடிப்பார்கள். அவள் வாய் அகலத் திறந்திருந்தது. கண்ணீர் கொட்டியது. சத்தம் மட்டும் இல்லை. கழுத்துக் குழாயில் காற்று புஸ்புஸ்ஸென்று வந்தது, அவ்வளவுதான். முன்வரிசைப் பெண்கள் எழுந்துவிட்டார்கள். செண்டைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கையை நிறுத்தினார்கள். இந்தப் பிள்ளைக்கு என்ன குறை என்று நான் படம் காட்டிக் காட்டிச் சொன்னது அந்த மண்டபத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

வலது காதும் முடிந்தது. அவள் அழுது ஓய்ந்து, விரலைக் கழுத்தில் வைத்தாள். மண்டிக்காரரை அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா செத்தப்ப... ஏன் யாரும் வரல?"

இதோ உடையப்போகிறது, இத்தனை பேர் முன்னால், என்னால். மண்டிக்காரர் என்னைத் தேடவில்லை. சுற்றி நின்ற மற்ற பத்துப் பேரையும் ஒருமுறை பார்த்தார். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், குற்றம் செய்தவர்களைப் போலவே.

"தப்புத்தான் தாயி," என்றார். "எங்களுக்குச் சேதி வந்து சேரல. இனி அப்பிடி விடமாட்டோம்."

அவள் வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

குறித்த நாளில், நர்ஸ் படிப்புப் படித்த ஒரு கன்னியரோடு அவள் கொச்சியிலிருந்து விமானம் ஏறினாள். வழியனுப்பப் பதினோரு பேரும் இரண்டு வேனில் போனார்கள். அறுவை பல மணி நேரம் நடந்ததாம். மூன்றாம் மாதம் குழாயை எடுத்தார்கள். திரும்பி வந்தவளின் குரல் கொஞ்சம் கரகரப்பு, ஆனால் நீளமான வாக்கியங்கள் பேசுகிற குரல். அதுவரை சேர்த்துவைத்ததையெல்லாம் பேசித் தீர்த்தாள்.

மாமன்கள் விடவில்லை. தீபாவளிக்கு ஒருவர், கிறிஸ்துமஸுக்கு ஒருவர், ரம்ஜானுக்கு ஒருவர் என்று துணி வந்துகொண்டே இருந்தது. அவள் பெரிய மனுஷியானபோது பச்சை ஓலைக் குடிசை கட்டும் மாமன் முறைக்குப் பதினோரு பேரும் வந்து இல்லத்தின் பின்கட்டில் இடம்பிடிக்கச் சண்டை போட்டார்கள். அதற்கெல்லாம் நடுவில் எப்படிச் சொல்வேன்? ஒவ்வொரு வருடமும் தேர்வு முடியட்டும், விடுமுறை வரட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

இந்த வருடம் அவள் என் பள்ளியிலேயே பத்தாம் வகுப்பு. மரபுவழிப் பண்புகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன், தாயிடமிருந்து எது வரும், தகப்பனிடமிருந்து எது வரும் என்று. அவள் மூன்றாம் வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். நான்தான் அவள் பக்கம் திரும்பாமல் கரும்பலகையைப் பார்த்தே மீதியை நடத்தினேன். மணி அடித்ததும் அவளை நிறுத்திவைத்தேன். உன் மாமாமாரைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

"அச்சாபீஸ்ல மாத்திப் போட்டதா?" என்றாள்.

எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"காதுகுத்துக்கு முன்னாடியே மதர் சொல்லிட்டாக டீச்சர். நீங்க என்னய ஏமாத்துறீகன்னு அவுகளுக்கு ஒங்க மேல கோவம்." நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். "யாராச்சும் ஒருத்தர் நான் ஒன் மாமா இல்லன்னு சொல்றாகளான்னு பாக்கத்தான் அன்னைக்கு அப்பிடிக் கேட்டேன். ஒருத்தரும் சொல்லல."

அப்படியானால் இத்தனை வருடம் ஏன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை என்றேன்.

"நீங்க சொல்லிருவீகளோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்," என்றாள்.