சூரியன் முகத்தில் ஒரு தூசி

“தாடையைக் கொஞ்சம் எறக்குங்க... அப்படியே... அசையாதீங்க” என்கிறார் ஸ்டூடியோக்காரர். மொட்டை மாடியில் அவருக்கு எதிரே யாரும் இல்லை, சூரியன்தான் இருக்கிறது. காலமெல்லாம் பாஸ்போர்ட் படம் எடுத்துப் பழகிய வாய். கேமராவைத் தொட்டால் தானாகப் பேசும்.

லென்ஸுக்கு முன்னால் கறுப்பு ஃபில்ட்டர், தலைமேல் ஈரத் துண்டு. விண்வெளி நிலையம் சூரியனுக்குக் குறுக்கே போகும்போது படம் பிடிக்க வேண்டும்; அது கடக்க ஒரு விநாடிகூட ஆகாது. அதுவும் எல்லா மாடியிலிருந்தும் தெரியாது. முதல் முறை மேகம் கெடுத்தது. அடுத்த முறை ஒருவர் படியேறி வந்து, “அண்ணே, ஒரே ஒரு போட்டோ, அவசரம்” என்றார். “கீழ உக்காருங்க” என்று திரும்பிச் சொல்வதற்குள் நிலையம் போயே போய்விட்டது. அன்று அவருக்கு எடுத்துக் கொடுத்த படத்தில் ஒரு காது மேலே, ஒரு காது கீழே. “அது அவரோட காதுங்க, நான் என்ன பண்ண?” என்று இன்றுவரை சாதிக்கிறார்.

இந்த முறை கடைக்கே பூட்டு. மூச்சைப் பிடித்து அழுத்தினார். கேமரா படபடவென்று அடித்து ஓய்ந்தது. ஒரே ஒரு படத்தில், எறும்பு இறக்கை விரித்ததுபோல் ஒரு கறுப்புத் துளி. “மாட்டிக்கிச்சு!” என்று கத்தியதில், பக்கத்து மாடியில் துணி உலர்த்தியவர் கையிலிருந்த கிளிப் தெருவில் விழுந்தது.

கீழே ஓடி, படத்தைக் கணினிக்கு மாற்றி, கடைப் பழக்கப்படி கேமராவின் மெமரி கார்டை அப்போதே காலி செய்துவிட்டு முகம் கழுவப் போனார்.

பரு, மச்சம், வடு எதுவானாலும் கணினியில் துடைத்தெடுப்பது மனைவியின் வேலை. “என்னங்க இது, ஒரே தூசி! லென்ஸத் தொடைக்க மாட்டீங்களா? எல்லாத்தையும் எடுத்துட்டேன்.”

திரையில் சூரியன் மாசு மருவின்றிப் பளபளத்தது.

“அம்மா தாயே, அதுல ஒரு தூசிக்குள்ள ஆளுங்க குடியிருக்காங்க!”

“அத முன்னாடியே சொல்றதுக்கென்ன?” மனைவி பதறாமல், செய்ததைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக ரத்து செய்தார். சூரியனுடைய சொந்தக் கரும்புள்ளிகள் திரும்பி வந்தன.

“இதுவா?”

“இல்ல.”

“இதா?”

“இல்லம்மா!”

கடைசியாக, இறக்கை விரித்த அந்தத் துளி.

“அட, இதுவா? அசிங்கமா இருக்குன்னு இதத்தான் மொதல்ல எடுத்தேன்.”

ஸ்டூடியோக்காரர் திரையில் அந்தத் துளியை ஒரு விரலால் பொத்திக்கொண்டு, மறு கையால் மனைவியிடமிருந்து மவுஸை மெல்ல இழுத்தார்.