மறுஆட்டம் வெள்ளிக்கிழமை

இங்கிலாந்துக் கால்பந்து வீரர்கள் எவ்வளவு களைத்துப்போகிறார்கள் என்பதை நான் விரிவாகக் கேட்டது பஹ்ரைனின் மனாமாவில், எங்கள் தொழிலாளர் கேம்ப் மெஸ்ஸில், டிசம்பர் முதல் சனிக்கிழமை மாலை ஆறேகால் மணிக்கு. சொன்னவர் எங்கள் மேனேஜர். கேட்டவர்கள் அன்று காலை நாலரைக்கு எழுந்து, நாள் முழுக்க மொட்டைமாடிகளில் ஏசி கழுவியும் குழாய் மாட்டியும் வந்திருந்த பதினான்கு பேர்.

"ஒரே வாரத்துல மூணு மேட்ச்ப்பா. மனுஷன் தாங்குவானா?" என்றார். அவர் கழுத்தில் அவருடைய கிளப்பின் கம்பளி மஃப்ளர் கிடந்தது. மெஸ்ஸில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. "செவ்வாய்க்கிழமை ஆடிட்டு வெள்ளிக்கிழமை மறுபடி ஆடணுமாம். நடுவுல ரெண்டே நாள் ரெஸ்ட். கோச் பேட்டியில அழாத குறை."

"ரெண்டு நாளா சார்?" என்று பிளம்பர் ஒருவர் உண்மையான வியப்போடு கேட்டார்.

"ரெண்டே ரெண்டு நாள்!" என்றார் மேனேஜர், தன் பக்கம் ஓர் ஆள் சேர்ந்துவிட்ட மகிழ்ச்சியில்.

நான் அந்தக் கம்பெனியின் டைம்கீப்பர். யார் எத்தனை மணிக்கு பஸ் ஏறினான், எந்த சைட்டில் இறங்கினான், எத்தனை மணிக்குத் திரும்பினான் என்று எழுதுவதுதான் என் உத்தியோகம். எழுதி எழுதி அது குணமாகவே ஆகிவிட்டது. ட்யூட்டி முடிந்த பிறகும் மழை பெய்த நாள், மெஸ்ஸில் மீன் போட்ட நாள், லிஃப்ட் பழுதான நாள் என்று ஒரு தனி நோட்டில் குறித்துக்கொண்டிருப்பேன். மிச்ச நேரத்தில் படிப்பேன். என்ன கிடைத்தாலும் படிப்பேன். அந்த வருடம் கிடைத்தது இங்கிலாந்துக் கால்பந்தின் வரலாறு.

தேசிய தின விடுமுறைக்கு முன்னால் கம்பெனிக் கோப்பை நடத்தலாம் என்று மேனேஜர் முடிவெடுத்தபோது, அட்டவணை போடும் வேலை இயல்பாக என்னிடம் வந்தது. ஏசி, எலக்ட்ரிக்கல், பிளம்பிங், பெயின்டிங் என்று நான்கு அணிகள். முதலில் ஒருவரோடொருவர் லீக் ஆட்டம், பிறகு அரையிறுதி, இறுதி. ட்யூட்டி முடிந்து ஐந்தரைக்கு கேம்ப் பின்புற மணல் மைதானத்தில் ஆட்டம். அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். படித்தவனால் நிறுத்த முடியுமா? இங்கிலாந்தின் பழைய கோப்பை ஒன்றில் ஆட்டம் சமனில் முடிந்தால் பெனால்டி உதையெல்லாம் கிடையாது, இன்னொரு நாள் முழுதாக மறுஆட்டம் ஆடுவார்கள். ஆட்டங்கள் நெருக்கியடிக்கின்றன, வீரர்கள் களைக்கிறார்கள் என்று சொல்லி அண்மையில்தான் அந்த வழக்கத்தை அவர்களே கைவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம். ஆகவே இங்கிலாந்து கைகழுவிய மறுஆட்டத்தை மனாமாவில் உயிர்ப்பித்தேன். விதி ஏழு: அரையிறுதி சமனில் முடிந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை காலை மறுஆட்டம்.

"டிரெடிஷன்!" என்று மேனேஜர் என் தோளில் தட்டிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு என் அறைக்கு வந்தவர் ஏசி அணியின் கோல்கீப்பர். குமரிக் கடற்கரைக்காரர், ஆறடி உயரம், ஏசி டெக்னீஷியன். அவருடைய மனைவி கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், சவூதியின் அல் கோபாரில் நர்ஸ். ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கும் இருவரும் கடைசியாகச் சந்தித்தது ஈஸ்டருக்கு. அவருக்கு வாரத்தில் வெள்ளி ஒன்றுதான் லீவு. அந்த அம்மாளின் ட்யூட்டி அட்டவணையில் வெள்ளிக்கிழமை லீவு வருவதே அபூர்வம். வந்தால் இவருக்கு அவசர வேலை, இவர் சும்மா இருந்தால் அந்த அம்மாளுக்கு டபுள் ஷிஃப்ட். எட்டு மாதத்துக்குப் பிறகு இருவருக்கும் ஒரே வெள்ளி வாய்த்திருந்தது. காலையில் அந்த அம்மாள் பஸ்ஸில் வந்து, இங்கே சர்ச்சில் வெள்ளிக்கிழமை ஆராதனையில் சேர்ந்து உட்கார்ந்து, குதைபியா கடைத்தெருவில் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் திரும்புவதாக ஏற்பாடு.

"எண்ணே, எந்த வெள்ளிக்கிழம இது?" என்று அட்டவணையில் விரலை வைத்தார்.

"வர்ற வெள்ளி. அரையிறுதி டிரா ஆனாத்தான்."

"அன்னைக்குத்தான் அவ வாறா."

நான் அட்டவணையை மறுபடி பார்த்தேன்.

"ஆனையப் பிடிச்சுத் தந்த மாரி எழுதி வச்சிருக்கிய. யாரு கேட்டா ஒங்ககிட்ட இந்த மறுஆட்டத்த?"

"பழைய வழக்கம் தம்பி…"

"எங்க வழக்கம்?"

"இங்கிலாந்துல."

"அங்க இப்பம் உண்டா?"

"இல்ல. களைப்பா இருக்குன்னு எடுத்துட்டாங்க."

அவர் அட்டவணையிலிருந்து விரலை எடுத்தார். "அங்க உள்ளவனுக்குக் களைக்குமாம். நமக்கு மட்டும் அண்ணன் புதுசா ஏற்பாடு பண்ணித் தருவியளாம்" என்றார். அதைவிடத் திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் காலை மேனேஜர் அறைக்குப் போனேன். "சார், சமன் ஆனா பெனால்டி வெச்சுடலாமா? பசங்களுக்கு வெள்ளி ஒண்ணுதான் லீவு."

"நீங்கதானே டிரெடிஷன்னு சொன்னீங்க? சர்குலர் போயாச்சு. ஹெட் ஆபீஸ்லேருந்து வேற மறுஆட்டம் நடந்தா பார்க்க வரேன்னுருக்காங்க." கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். "இதப் பாருங்க, எங்க மிட்ஃபீல்டருக்குத் தொடையில தசைப்பிடிப்பு. அட்டவணை போடுறவனுக்கு ஈவிரக்கமே கிடையாது."

அட்டவணை போட்டவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன்.

ஞாயிறு அன்று மழை பெய்தது. மனாமாவில் அரை மணி மழை போதும், மைதானம் குளமாகிவிடும். அன்றைய ஆட்டம் தள்ளிப்போய், ஏசி அணி திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று மாலையும் ஆட வேண்டியதாயிற்று. மூன்று நாளும் காலை நாலரைக்கே எழுந்தார்கள். இங்கிலாந்தில் ஆட்டம் முடிந்ததும் வீரர்களை ஐஸ் தொட்டியில் உட்கார வைப்பார்களாம். இங்கேயும் கீஸர் கெட்டு இரண்டு வாரமாகியிருந்தது.

புதன்கிழமை அரையிறுதி, எலக்ட்ரிக்கல் அணியோடு. ஐந்தரைக்குத் தொடங்க வேண்டியது, பஸ் தாமதத்தால் பதினொரு நிமிடம் தள்ளித் தொடங்கியது. கடைசி நிமிடங்கள் வரை ஒன்றுக்கு ஒன்று. இரு அணியும் நடந்துகொண்டிருந்தன. ஓட யாருக்கும் காலில்லை. கோட்டுக்கு வெளியே மஃப்ளரோடு மேனேஜர், "பிரஸ் பண்ணு! பிரஸ் பண்ணு!" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம். சமனில் முடிந்தால் விதி ஏழு.

எலக்ட்ரிக்கல் ஆள் ஒருவர் தூரத்திலிருந்து ஓர் உதை விட்டார். உதை என்பது மரியாதைக்குச் சொல்வது. பந்து மணலில் தத்தித் தத்தி வந்தது. எங்கள் கோல்கீப்பர் அதை நன்றாகப் பார்த்தார். பிறகு எதிர்ப்பக்கம் பாய்ந்தார். அழகான, முழு நீளப் பாய்ச்சல். பந்து அவர் காலருகே ஊர்ந்து கோட்டைத் தாண்டியது.

"என்னடா எளவு இது!" என்று ஏசி அணியில் ஒருவர் தலையில் கை வைத்தார். ராமநாதபுரத்து டிஃபெண்டர் மட்டும் கோல்கீப்பரைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். "நல்ல காரியம் பண்ணுன தம்பி. எனக்கும் வெள்ளிக்கிழமை துணி தொவைக்கணும்."

கோல்கீப்பர் மணலைத் தட்டிக்கொண்டே என்னிடம் வந்தார். "எண்ணே, மறுஆட்டம் உண்டா?"

"இல்லை."

"அப்பம் செரி."

செரியாகத்தான் இருந்திருக்கும், மேனேஜர் படிக்காதவராக இருந்திருந்தால். அவர் மைதானத்துக்குள் வந்து, தோற்ற அணியை வட்டமாக நிற்க வைத்தார். கண் கலங்கியிருந்தது. "யாரையும் குறை சொல்லல. அந்தக் கோலைப் பாத்தீங்களா? அதுதான் ஃபடீக், களைப்பு. மூளை ஒரு பக்கம் சொல்லுது, உடம்பு ஒரு பக்கம் போகுது. கோச்சுங்க எல்லாம் இதைத்தான் கத்துறாங்க. உங்களை நான் கவனிக்கல. தப்பு என்மேல." எங்களுக்கே ஒரு கணம் நெஞ்சு இளகியது. "அதனால வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுலேருந்து பன்னிரண்டு வரை ரெக்கவரி செஷன். எல்லாரும் கண்டிப்பா வரணும். டைம்கீப்பர் பேர் எடுப்பார்."

கோல்கீப்பர் என்னைப் பார்க்கவில்லை. அறைக்குப் போய்விட்டார். இரவுச் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

வியாழன் மாலை அவர் கட்டிலருகே போய் நின்றேன். "நாளைக்கு ஆராதனை எத்தனை மணிக்கு?"

"ஒம்பதரைக்கு. ஏன்?"

"போயிட்டு வா. நான் பாத்துக்கறேன்."

"பேரு எடுக்கியது நீங்கதான. பொய் எழுதுவியளா?"

"எழுத மாட்டேன்."

அவருக்கு நம்பிக்கையில்லை. இருந்தாலும் காலை எட்டு மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு கேட்டைத் தாண்டியதைப் பார்த்தேன்.

ஒன்பது மணிக்கு மெஸ்ஸில் திரை கட்டி, ஓய்வின் அவசியம் பற்றி மேனேஜர் படம் போட்டார். ஒன்பதே காலுக்கு முதல் ஆள் மேஜையில் தலை சாய்த்தார். ஒன்பது இருபதுக்கு ராமநாதபுரத்துக்காரர் குறட்டையே விட்டார். மேனேஜர் தலைகளை எண்ணினார்.

"கீப்பர் எங்கே?"

"சார், நீங்க புதன்கிழமை சொன்னது அவன் மனசுல பதிஞ்சுபோச்சு" என்றேன். "வெள்ளிக்கிழமை முழுக்க ரெஸ்ட் எடுத்தே தீருவேன்னு சொல்லிட்டான்."

மேனேஜர் திரும்பி, மேஜைகளில் கிடந்தவர்களைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையாட்டினார். "இத்தனை பேர்ல ஒருத்தனுக்குத்தான் விஷயம் புரிஞ்சிருக்கு. அவனை எழுப்பாதீங்க."

அடுத்த படத்துக்குப் போனார். நான் பெயர்ப் பட்டியலில் கோல்கீப்பர் பெயருக்கு நேரே 'ஓய்வில்' என்று எழுதி, மணி ஒன்பது முப்பத்தொன்று என்று குறித்தேன்.