தம் போடுவீங்களா பாய்?

மச்சானோடு போடும் சண்டைகளில் நான் ஜெயிக்க ஆரம்பித்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

மச்சான் என்றால் என் கணவர். என் அத்தாவோடு, அதாவது அப்பாவோடு, பிறந்த மாமியின் மகனைக் கட்டியவள் நான். கல்யாணத்துக்கு முன்னாலும் மச்சான், பின்னாலும் மச்சான். சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதில் வரிசையாக விறகு அடுப்புகள். கல்யாணத்துக்கும் விசேஷத்துக்கும் பிரியாணி செய்து கொடுப்பது அவர் தொழில். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். பேச்சு எனக்குத் தொழில் என்றால் அவருக்கு அது பொழுதுபோக்கு. நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்பது சொல்வார். எங்கள் சண்டை எதுவும் ஒரு பக்கம் சாய்ந்து முடிந்ததே இல்லை.

அப்படிப்பட்ட மனுஷர், போன மழைக்காலம் முடிந்ததும் பாதிப் பேச்சில் நிற்கத் தொடங்கினார். வாயைத் திறப்பார், மூச்சு இரைக்கும், கையை ஆட்டிவிட்டு "போம்மா, உன்னோட பேஜாரு" என்று நகர்ந்துவிடுவார். முதல் சில நாள் எனக்குக் குஷிதான், பொய் சொல்வானேன். அப்புறம் அந்தக் குஷி போய்விட்டது. மாமியாரைப் பற்றி வேண்டுமென்றே ஒரு வார்த்தை விட்டுப் பார்த்தேன். அதற்குக்கூட பதில் வரவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், மச்சானுக்குப் புகை என்றாலே ஆகாது. போகியன்று தெருமுனையில் எவனாவது டயர் கொளுத்தினால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்புவார். கேம்ப் ரோட்டில் கரும்புகை கக்கிப் போகும் லாரியைப் பார்த்தால் வண்டியை ஓரங்கட்டி, அது கண்ணுக்கு மறையும்வரை திட்டுவார். சிக்னலில் மூக்கை மூடிக் கர்ச்சீப் கட்டுவார். வீட்டுக்கு வந்ததும் கர்ச்சீப்பை அவிழ்த்து வைத்துவிட்டு, சவுக்குக் கட்டையை அடுப்பில் செருகிக் குனிந்து ஊதுவார். கொட்டகைக்குள் ஆள் இருப்பதே தெரியாது. இது மட்டும் என்னவாம் என்று கேட்டால், இது புகையில்லை, வாசனை என்பார். ஊரான் வீட்டில் வந்தால் புகை, நம் வீட்டில் வந்தால் வாசனை. நல்ல நியாயம்!

கொட்டகையில் பல்லிகூட இருமுகிறது என்று எங்கள் மகள் கிண்டல் செய்வாள். சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் அவளுக்கு வேலை. கிண்டல் செய்துகொண்டிருந்தவள் ஒரு நாள் அத்தா மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டாள். மறுநாளே தாம்பரத்தில் ஒரு நுரையீரல் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். நானும் மச்சானும் போனோம்.

டாக்டர் எங்கள் வயசுக்காரர். இந்தப் பக்கத்து ஆள்தான் என்பது வாயைத் திறந்ததுமே தெரிந்தது. முதுகில் குழாய் வைத்துக் கேட்டார். அப்புறம் ஒரு கருவியைக் கொடுத்து, மூச்சு இழுத்து ஊதச் சொன்னார். ராத்திரியில் போலீஸ்காரன் வண்டியை நிறுத்தி ஊதச் சொல்கிற மாதிரி இருக்கிறதே என்று மச்சான் முனகிக்கொண்டே ஊதினார். டாக்டர் கருவியில் வந்த அளவைப் பார்த்துவிட்டுத் தோழன்போல் கேட்டார்.

"தம் போடுவீங்களா பாய்?"

மச்சான் முகத்தில் வெளிச்சம் வந்தது. தன் தொழிலைப் பற்றி டாக்டரே விசாரிக்கிறாரே!

"இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க. நம்ம பொழப்பே அதான? மீசை மொளைக்கச் சொல்ல ஆரம்பிச்சது."

"ஒரு நாளைக்கு எத்தன?"

"சாதா நாள்ல ஒண்ணு ரெண்டு. கல்யாண சீசன்னா ஏழு எட்டுகூட ஆயிடும்."

டாக்டர் எழுதிக்கொண்டார். ரொம்ப மோசமில்லை என்பதுபோல் தலையாட்டினார். வீட்டிலேயே போடுவீர்களா, வெளியிலா என்று கேட்டார். வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில், விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும் முதல் தம் என்றார் மச்சான். டாக்டரின் பேனா கொஞ்சம் தயங்கியது. மச்சானுக்கு அது போதவில்லை. பெண்டாட்டியின் பெருமையையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

"நான் இல்லாத அன்னிக்கு இவளே போடுவா சார். ஆம்பளைங்க தோத்துடணும், அப்டி போடுவா."

டாக்டர் என்னைப் பார்த்தார். புர்கா போட்டு, மடியில் பையை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூட டீச்சருக்குரிய முகத்தோடு நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அடக்க முடியவில்லை. சிரிப்பு வந்து, சிரிப்போடு இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, கடைசியில் ஒருவழியாக, "டாக்டர், அது பிரியாணி தம்" என்றேன்.

அரிசியும் கறியும் சேர்ந்ததும் தேக்சா அண்டாவை மூடி, ஓரத்தை மாவால் அடைத்து, மூடிமேல் நெருப்புக் கங்கை அள்ளிக் கொட்டி, ஆவியை உள்ளேயே கட்டிப்போடுவதுதான் மச்சான் போடும் தம். சிகரெட்டை அவர் கையால் தொட்டதில்லை. எங்கள் ஊரில் இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் யார் என்ன செய்ய முடியும்? டாக்டரும் வாய்விட்டுச் சிரித்தார். எழுதியதை அடித்தார். அடித்த கையோடு, அந்தக் கொட்டகையில் புகைக்கு நடுவில் எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்று கேட்டார். காலையில் நுழைந்தால் மதியம் ஆகிவிடும் என்றார் மச்சான். டாக்டரின் சிரிப்பு நின்றது. அடித்ததற்குப் பக்கத்திலேயே மறுபடி எழுதினார்.

"எந்த தம்மா இருந்தா இன்னா பாய், உள்ள போறது புகைதானே. சிகரெட்டே தொடாதவங்களுக்கும் விறகுப் புகையால இப்டி ஆவுது. நான் குடுக்குற மருந்து பாதி வேலைதான் செய்யும். இதே அடுப்புல நின்னீங்கன்னா, கொஞ்ச வருஷத்துல கரண்டிய தூக்கவே மூச்சு இருக்காது."

வீட்டுக்கு வந்ததும் மச்சான் வாதாட ஆரம்பித்தார். கேஸ் அடுப்பில் சோறு வேகும், தம் பிடிக்காது. விறகை விட்டால் அது அவர் கைப் பிரியாணியே இல்லை. வேண்டுமானால் மாஸ்க் போட்டுக்கொள்கிறேன் என்றார். போட்டார். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து மறைக்கிறது என்று கழுத்துக்கு இறக்கினார். அது அங்கேயே தங்கிவிட்டது. நான் கத்தினேன், மகள் கெஞ்சினாள். எருமைமேல் மழை பெய்த கதைதான்.

மச்சானை மாற்றியது டாக்டரும் இல்லை, மகளும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெருங்களத்தூரில் ஒரு நிக்காஹுக்குப் பெரிய ஆர்டர். தேக்சாக்களில் தம் போட வேண்டிய நேரத்தில் மச்சான் விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். வேலைக்கு வந்த ஆட்களுக்குக் குரல் கொடுக்கக்கூட முடியவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார்மேல் கோபம் என்றும் தெரியவில்லை. துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு, "எந்திரிங்க மச்சான், வெளிய போய் உக்காருங்க. இனிமே தம் நான்தான் போடுவேன். ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டுப் போடுவேன்" என்று சொல்லிக் கங்குக் கரண்டியைப் பிடுங்கினேன்.

அன்று எல்லாத் தம்மும் நான்தான் போட்டேன். அடுப்படியில் குனிந்து கங்கை இழுத்து மூடிமேல் கொட்டிவிட்டு அடுத்த தேக்சாவுக்குப் போவதற்குள் தொண்டை எரிந்தது. முடித்து வெளியே வந்தபோது கண் சிவந்து, இருமி இருமி வாந்தி வராத குறை. மச்சான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கொட்டகையில் பெரிய கேஸ் அடுப்பு ஒன்று உட்கார்ந்திருந்தது. தன் மூச்சுக்காகச் செய்யாததை அந்த மனுஷர் என் இருமலுக்காகச் செய்தார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு நிறைந்துவிடும். அவரிடம் அதைச் சொன்னதில்லை, சொன்னால் தலையில் ஏறிக்கொள்வார்.

நினைத்த மாதிரி அது சுலபமாகவும் இல்லை. முதல் பிரியாணி அடிப்பிடித்தது. இரண்டாவதும் அடிப்பிடித்தது. நான் சொல்லவில்லையா என்று மச்சான் கிட்டத்தட்ட சந்தோஷமாகவே கேட்டார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம் என்று நான் சொல்லிவிட்டேன். அந்த ரோஷத்தில் பழைய இரும்புக் கடையில் தேடி ஒரு தடித்த தகடு கொண்டுவந்து, தீக்கும் தேக்சாவுக்கும் நடுவில் வைத்தார். மேலே கங்குக்குப் பதில், கொதிக்கும் தண்ணீர்க் குண்டானை மூடிமேல் ஏற்றினார். மாவு ஓரம் பிடித்தது, ஆவி உள்ளே நின்றது. திறந்தபோது அரிசி ஒன்றோடொன்று ஒட்டாமல் நிமிர்ந்து நின்றது. மச்சான் ஒரு கவளம் வாயில் போட்டு மென்றார். ரொம்ப நேரம் மென்றார். "கீது, பரவால்ல" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பட்டம்.

விறகு வாசனை வேண்டும் என்று ஓரிரு பேர் வேறு மாஸ்டரிடம் போனார்கள். போகட்டும். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல் எலுமிச்சம்பழ ஊறுகாய் இல்லையா என்றுதான் கேட்டார்கள்.

மகள் அதோடு விடவில்லை. கேஸும் எரிக்கிற சமாச்சாரம்தானே அத்தா, பாதி தூரம்தான் வந்திருக்கிறோம் என்றாள். மொட்டைமாடியில் வெயிலில் தண்ணீர் சூடாக்கும் சோலார் ஹீட்டரை வைத்தாள். அரிசிக்கு உலைத் தண்ணீரும், மூடிமேல் வைக்கும் தண்ணீரும் முக்கால்வாசி சூடாகவே குழாயில் வருகிறது. கேஸ் கொஞ்சமாக எரிந்தால் போதும். தாம்பரத்து வெயிலை நான் திட்டாத நாள் கிடையாது. இப்போது மேகம் போட்டால் மச்சான் முகம் சுருங்குகிறது. கரண்டுக்கும் சோலார் தகடு போட்டு அடுப்பையே அதில் ஓட்டலாம் என்று மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அடுத்து சூரியனையே தூக்கி மூடிமேல் வைக்கச் சொல்வாள் உன் மகள் என்கிறார் மச்சான். கிண்டலாகச் சொல்கிறாரா, ஆசையாகச் சொல்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

கேம்ப் ரோடு அப்படியேதான் இருக்கிறது. லாரி கக்குகிறது, தோண்டிய பள்ளத்திலிருந்து மண் பறக்கிறது. அதற்கெல்லாம் என்னிடம் மருந்தில்லை. எங்கள் கொட்டகையில் மட்டும் எதிர்ச் சுவர் தெரிகிறது.

போன வாரம் நான் ஒரு வேலை செய்தேன். மிச்சமிருந்த சவுக்குக் கட்டைகளை, மச்சான் மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து, கேட்டவர் ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். வந்தவர் வெறும் தரையைப் பார்த்தார். நான் காயப்போட்ட துணியை எடுக்க மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். பின்னாலேயே ஏறிக்கொண்டு ஆரம்பித்தார்.

"யாரக் கேட்டுக் குடுத்த நீ? அது இன்னா உன் அத்தா வூட்டு சீதனமா? நாளைக்கு கேஸ் வரலன்னா, மழைல வெயிலு இல்லன்னா, உன் டீச்சர் சர்டிபிகேட்ட எரிச்சு பிரியாணி போடுவியா? எங்கம்மா அன்னிக்கே சொன்னாங்க, இவ வாய்க்கு முன்னாடி கை நீளும்னு. நான்தான் கேக்கல. மாமன் பொண்ணாச்சேன்னு கட்டிக்கினு..."

முதல் திருப்பம் தாண்டினார், இரண்டாவது திருப்பம் தாண்டினார். மொட்டைமாடிக்கு வந்தும் நிறுத்தவில்லை. என் தம்பிக்குப் போனார், என் சமையலுக்குப் போனார், கல்யாணத்தன்று எங்கள் வீட்டார் காரில் ஏசி போடாததற்குப் போனார். எனக்குப் பதில் இல்லாமல் இல்லை. ஒவ்வொன்றுக்கும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நான் துணியை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறி இறங்கியது, சும்மா, எல்லார் நெஞ்சையும்போல.

"நான் கத்தினுகீறேன், நீ பாட்டுக்கு நிக்கிற. காதுல வுழுதா இல்லியா?"

"வுழுது மச்சான்" என்றேன். "இன்னும் திட்டுங்க."